ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்: ஸ்கூட்டர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதி செல்ஃப் பத்தினதுதான், அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

சார், காலைல செல்ஃப் பட்டனை அமுக்கினா டிக் டிக்னு சத்தம் மட்டும்தான் வருது. கிக்கர் அடிச்சா ஸ்டார்ட் ஆயிடுது. பேட்டரி போச்சு, புதுசு மாத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. வாங்கி நானே மாட்டிக்கலாமா? (ஒரு வாசகி)

மாட்டறது கஷ்டமே இல்லம்மா, ஆனா இன்னும் வாங்காதீங்க. சத்தம் வருதா வரலையாங்கறதுலயே பாதி பதில் இருக்கு. உங்களுக்கு டிக் டிக்னு வருதுன்னா பட்டன், பிரேக் சுவிட்ச் எல்லாம் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரிலே, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடற சுவிட்ச், ஒட்டுது, மோட்டார் கரண்டை இழுத்ததும் வோல்டேஜ் பொத்துனு விழுந்துடுது, உடனே ரிலே விட்டுடுது, திரும்பவும் ஒட்டுது, அந்த சத்தம்தான் நீங்க கேக்கறது. வோல்டேஜ் விழறதுக்கு பேட்டரி வீக்கா இருக்கலாம், இல்லன்னா டெர்மினல் லூசா இருக்கலாம், அதுல வெள்ளையா பச்சையா பூத்துப் போயிருக்கலாம். முதல்ல பேட்டரி மூடியைத் திறந்து டெர்மினலை விரலால ஆட்டிப் பாருங்க. ஆடக்கூடாது. பூத்திருந்தா ஒயரைக் கழட்டி வெந்நீர்ல நனைச்ச பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு, நல்லா காய வச்சு, டைட்டா மாட்டி, மேல கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க. நிறைய வண்டி இதோடயே சரியாயிடும்.

கழட்டறப்போ மைனஸ் முதல்ல, மாட்டறப்போ மைனஸ் கடைசில. இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவசரத்துல ப்ளஸ்ஸை முதல்ல கழட்டப் போய் ஸ்பேனரோட இன்னொரு முனை பாடில பட்டு பட்டாசு மாதிரி ஒரு பொறி, அந்த ஸ்பேனர் வாய்ல உருகின பள்ளம் இன்னிக்கும் இருக்கு. மைனஸ் கழண்டிருந்தா ப்ளஸ்ஸை கழட்டறப்போ பாடில பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

அப்பவும் சரியாகலைன்னா ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்குங்க. ராத்திரி முழுக்க ஓடாம நின்ன வண்டில பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டினா ஃபுல் சார்ஜ், 12க்கு கீழ போயிருந்தா சார்ஜே இல்லன்னு வச்சுக்கலாம். அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையில படாம பாத்துக்கிட்டு, பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டார்ட் பண்ணி லேசா ஆக்ஸிலரேட்டர் கொடுங்க, மீட்டர்ல 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும். ஏறவே இல்லாம 12லயே நிக்குதுன்னா வண்டி சார்ஜ் பண்ணல, அப்போ புது பேட்டரி போட்டாலும் கொஞ்ச நாள்ல அதுவும் படுத்துடும்.

செல்ஃப்ல சத்தமே வரலைங்கறவங்களுக்கு: பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி லைட் எரியுதான்னு பாருங்க. எரியலைன்னா அந்த லீவர் கிட்ட இருக்கற பிரேக் சுவிட்ச் மேல சந்தேகம், ஏன்னா பெரும்பாலான ஸ்கூட்டர்ல பிரேக் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும். இன்னொரு பக்க லீவரைப் பிடிச்சு அமுக்கிப் பாருங்க, எடுத்துச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு. சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தா ஸ்டார்ட் ஆகாத கட் ஆஃப் இருக்கற வண்டின்னா அதையும் ஒரு தடவை பாத்துடுங்க. சிரிக்காதீங்க, நானும் பத்து நிமிஷம் முழிச்சிருக்கேன்.

ஏர் ஃபில்டரை தண்ணில கழுவலாமா?

ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கற ஃபோம் ஃபில்டர்னா சோப்புத் தண்ணில அலசி, முறுக்காம பிழிஞ்சு, நிழல்ல காய வச்சு, கொஞ்சூண்டு ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். பேப்பர் ஃபில்டர்னா தண்ணி கூடவே கூடாது. அதுலயும் எண்ணெய் பிசுக்கோட வர்ற பேப்பரை ஏர் அடிச்சுக்கூட சுத்தம் பண்ணக்கூடாது, புக்குல சொன்ன கிலோமீட்டர் ஆனதும் தூக்கிப் போட்டுட்டு புதுசு.

அண்ணே, ப்ளக் மாத்தினேன், நல்லா டைட் பண்ணணும்னு ஸ்பேனர்ல பைப் சொருகி இறுக்கினதுல மரை போயிடுச்சு. எவ்வளவுதான் டைட் பண்ணணும்? (கல்லூரி மாணவர்)

பைப்பா! தம்பி, எஞ்சின் ஹெட் அலுமினியம், ப்ளக் இரும்பு, ரெண்டும் மல்லுக்கட்டினா யாரு தோப்பான்னு நான் சொல்லணுமா. போன மரையை வீட்டுல சரி பண்ண முடியாது, லேத்ல கொடுத்து உள்ள புது மரை போட்டுக்கணும்.

அடுத்த தடவைக்கு சொல்றேன். எஞ்சின் ஆறினதுக்கு அப்புறம்தான் ப்ளக்ல கை வைக்கணும். கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணை பிரஷ்ஷால தட்டிடுங்க, இல்லன்னா அவ்வளவும் சிலிண்டருக்குள்ள விழும். மாட்டறப்போ ஸ்பேனரை தூரமா வச்சுட்டு கையாலயே ப்ளக்கை உக்கார வச்சு முதல்ல பின்பக்கமா, அதாவது கழட்டற பக்கமா, மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல டொக்னு லேசா இறங்கும், விரல்ல தெரியும், அதுதான் மரையோட ஆரம்பம். அங்கேருந்து முன்பக்கமா சுத்தினா கடைசி வரைக்கும் விரல்லயே போகணும். ரெண்டு சுத்துலயே இறுகுதுன்னா கோணலா ஏறுதுன்னு அர்த்தம், உடனே கழட்டிடுங்க. விரலால முடியற வரைக்கும் போயாச்சா, இப்ப ஸ்பேனர், வாஷர் இருக்கற புது ப்ளக்னா அரை சுத்து, ஏற்கெனவே ஓடின ப்ளக்னா கால் சுத்துகூட வேணாம். புது வாஷர் நசுங்கி உக்காரணும், அதுக்குத்தான் அந்த அரை சுத்து.

கழட்டின ப்ளக்கை தூக்கிப் போடறதுக்கு முன்னாடி முனையைப் பாருங்க. லேசான பிரவுன் கலர்னா எஞ்சின் நல்லா எரிக்குது. கரி மாதிரி உலர்ந்த கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது, இல்ல ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கு. பிசுபிசுன்னு ஆயில் ஈரம்னா எஞ்சினுக்குள்ள இருக்கற பிஸ்டன் ரிங்ல பிரச்சனை இருக்கலாம், அது வீட்டு வேலை இல்ல. வெள்ளையா வெளுத்துப் போயிருந்தா சூடு ஜாஸ்தி.

பைக்குக்கு வாங்கின எஞ்சின் ஆயில் மீதி இருக்கு, ஸ்கூட்டர்ல ஊத்திடலாமா?

டப்பாவுல 10டபிள்யூ30 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், அது உங்க ஸ்கூட்டர் புக்குல போட்டிருக்கறதோட ஒத்துப்போனா ஊத்தலாம். பக்கத்துலயே ஜாஸோ எம்ஏ, எம்பின்னு போட்டிருக்கும், ஜாஸோங்கறது ஜப்பான்காரங்க தர முத்திரை. பைக்ல கிளட்ச் எஞ்சின் ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும், அது வழுக்கக்கூடாதுன்னு எம்ஏ. ஸ்கூட்டர் கிளட்ச் உலர்ந்தது, ஆயிலோட சம்பந்தமே இல்ல, அதனால உரசல் குறைவான எம்பி போதும். எம்ஏவை ஸ்கூட்டர்ல ஊத்தினா குடி முழுகிப் போயிடாது, ஆனா எம்பியை பைக்ல ஊத்தினா கிளட்ச் ஸ்லிப் ஆகலாம். அளவு மட்டும் கோட்டைத் தாண்ட வேணாம், நிறைய ஊத்தினா நல்லதுன்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, அந்த மிச்ச ஆயில் போய் ஏர் ஃபில்டரை நனைக்கும். சென்டர் ஸ்டாண்ட்ல சமமான தரையில நிறுத்தி அளக்கணும். டிப் ஸ்டிக்கை திருகி அளக்கணுமா, திருகாம சும்மா வச்சு அளக்கணுமாங்கறது வண்டிக்கு வண்டி மாறும், புக்கைப் பாருங்க. பின் சக்கரத்துக்கிட்ட கியர் ஆயில்னு தனியா ஒண்ணு இருக்கு, அதை எல்லாரும் மறந்துடறாங்க.

பின் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் போகுது. நட்டைத் திருகினா போதுமா?

டிரம் பிரேக்னா போதும், ஆனா அளவா. லீவர் முனையில 10ல இருந்து 20 மில்லிமீட்டர் சும்மா ஆடற இடம் இருக்கணும். சக்கரத்துக்கிட்ட இருக்கற நட்டை அரை சுத்து அரை சுத்தா திருகிட்டு, ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கையால சுத்தி விட்டுப் பாருங்க, உரசினா கொஞ்சம் லூஸ் பண்ணுங்க. நட்டுல வளைவா ஒரு பள்ளம் இருக்கும், அது பிரேக் கம்பி நுழையற சின்ன உருளைல சரியா உக்காரணும், உக்காரலைன்னா ஓட ஓட லூசாயிடும். பிரேக்கைப் பிடிச்சு வச்சுட்டு டிரம் பக்கத்துல இருக்கற அம்புக்குறியையும் பாருங்க, அது எதிர்ல இருக்கற கோட்டுக்கு வந்துடுச்சுன்னா லைனர் தேஞ்சாச்சு, இனிமே நட்டைத் திருகி பிரயோஜனம் இல்ல. உள்ள இருக்கற தூசியை வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க.

வண்டி எடுக்கறப்போ அதிருது. பெல்ட் கவரைக் கழட்டி எல்லா இடத்துலயும் ஆயில் ஸ்ப்ரே அடிச்சேன். இப்ப எஞ்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது.

நகராது சார். ஸ்கூட்டர் பெல்ட் பிடிமானத்துலதான் ஓடுது, செயின் மாதிரி நினைச்சு எண்ணெய் போட்டுட்டீங்க, பெல்ட்டும் வழுக்குது, கிளட்சும் வழுக்குது. புல்லி ரெண்டையும் கிளட்ச் டிரம்மையும் பிரேக் கிளீனர் அடிச்சு பளிச்னு துடைங்க, எஞ்சின் ஆறினப்புறம், காத்தோட்டமான இடத்துல. எண்ணெய் குடிச்ச பெல்ட்டை மாத்தித்தான் ஆகணும், கிளட்ச் ஷூவும் ஊறியிருந்தா அதுவும்தான். எடுக்கறப்போ அதிரறது முக்கால்வாசி நேரம் கிளட்ச் டிரம்ல படிஞ்ச தூசியும் பளபளன்னு ஆகிப்போன ஷூவும்தான், டிரம்மோட உள்பக்கத்தையும் ஷூவையும் உப்புத்தாளால லேசா தேச்சு துடைச்சிருந்தாலே பெரும்பாலும் போயிருக்கும். இப்ப எப்படியும் பிரிச்சு துடைக்கத்தான் போறீங்க, அந்த வேலையையும் சேர்த்தே முடிச்சிடுங்க.