கொரே-எடா படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: ‘ஸ்டில் வாக்கிங்’ (2008). தன் தாய் இறந்த பிறகு அவர் எடுத்த படம். கடலில் தத்தளித்த ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் மூத்த மகன் இறந்துவிட்டான். அவன் நினைவுநாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அம்மா சோளமணிகளை மாவில் தோய்த்து எண்ணெயில் போட, அது படபடவென்று வெடிக்கும். சிரிப்பும் பேச்சுமாக வீடு நிறைந்திருக்கும். அதே அம்மா இரவில் பின்னல் வேலை செய்துகொண்டே சொல்வாள்: பிழைத்த அந்தப் பையனை ஆண்டுதோறும் கூப்பிடுவதே, அன்று ஒரு நாளாவது அவன் வேதனைப்படட்டும் என்றுதான். அம்மாவாக நடித்த கிகி கிரினின் குரல் கொஞ்சமும் உயராது. இதை நான் என் அம்மாவோடு பார்த்தேன். அந்த இடத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கேள்வி: குழந்தைகளை எப்படி இவ்வளவு இயல்பாக நடிக்க வைக்கிறார்?

பதில்: பெரும்பாலும் அவர்கள் கையில் திரைக்கதையே கொடுப்பதில்லை. வசனத்தைப் படப்பிடிப்பில் வாயால் சொல்லிக்கொடுப்பார். அவர் தொலைக்காட்சி ஆவணப்படங்களிலிருந்து வந்தவர். பள்ளிக் குழந்தைகள் ஒரு மாட்டை வளர்த்ததை 1991-லேயே படமாக்கியிருக்கிறார். காத்திருந்து பார்க்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. தாய் விட்டுப்போன நான்கு பிள்ளைகளின் கதையான ‘நோபடி நோஸ்’ (2004) படத்தை ஏறக்குறைய ஓராண்டு எடுத்தார். பிள்ளைகள் வளர்வது திரையிலேயே தெரியும். காலி கப் நூடுல்ஸ் டப்பாக்களில் அவர்கள் செடி வளர்ப்பார்கள், கவனியுங்கள். மூத்தவனாக நடித்த யூயா யாகிராவுக்குக் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது வயது 14.

கேள்வி: அண்ணா, இவரை அந்தக்கால ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் வாரிசு என்கிறார்களே, சரியா?

பதில்: குடும்பம், வீடு, சாப்பாடு என்று இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள், தம்பி. தான் இன்னொரு அந்தக்கால ஜப்பானிய இயக்குநர் நருசேவுக்கும், பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சுக்கும்தான் நெருக்கம் என்பது அவர் பேச்சு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. வாடகை, கூலி, பசி இல்லாமல் இவர் கதைகளில் பாசம் வருவதே இல்லை.

கேள்வி: வெளிநாட்டில் எடுத்த படங்கள் எப்படி?

பதில்: பிரான்சில் ‘தி ட்ரூத்’ (2019), கொரியாவில் ‘புரோக்கர்’ (2022). இரண்டும் சுமார்தான். ‘மான்ஸ்டர்’ (2023) மூலம் ஜப்பானுக்குத் திரும்பியதில் எனக்குப் பெரிய நிம்மதி.

கேள்வி: ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்துக்கு 2018-ல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனை கொடுத்தது நியாயமா?

பதில்: நூற்றுக்கு நூறு. விசாரணைக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். “பிள்ளைகள் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?” என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளை வளர்த்தவளாக நடித்த சகுரா ஆண்டோ பதில் சொல்லாமல் உள்ளங்கையால் முகத்தைத் துடைப்பார். மறுபடி துடைப்பார். கேமரா நகரவே நகராது.