மான்கொம்புப் பேனா: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு கராஜில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்து பேனா கடையும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கடைசிக்கு முந்தையது மட்டும் கோவையிலிருந்து வந்தது.

எல்க் (வட அமெரிக்கப் பெரிய மான்) கொம்பில் துளை போட்டேன். உள்ளே பஞ்சு மாதிரி ஒரே பொத்தல். துண்டு வீணா?

வீணில்லை. மான்கொம்பு என்பது எலும்பு. வெளிச்சுற்று கெட்டியாக இருக்கும், நடுவில் பொத்தல் இருக்கும். எல்க் கொம்பில் நடுப்பகுதி அகலம், நுனிக்கிளைகளில் குறைவு. அதனால் துண்டை வாங்கும்போதே வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் உள்ள பொத்தல் 8 மி.மீ. என்றால், 10 மி.மீ. துளை கேட்கும் தடித்த பேனா கிட் (பேனாவின் உலோகப் பாகங்கள் அடங்கிய தொகுப்பு) எடுங்கள். பொத்தல் முழுக்க துளையோடு போய்விடும், கையில் நிற்பது கெட்டி எலும்பு மட்டும். 7 மி.மீ. ஒல்லிப் பேனாவுக்கு அதே துண்டு தொல்லை கொடுக்கும். மான்கொம்பில் பாதி வெற்றி கிட் தேர்விலேயே இருக்கிறது.

ஏற்கெனவே துளைத்தாகிவிட்டதா? சரி. தண்ணீர் போல ஓடும் நீர்த்த வகை சூப்பர் க்ளூவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறிஞ்சுவது நின்றதும் ஓர் இரவு விடுங்கள். அப்புறம் கிட்டோடு வரும் பித்தளைக் குழாய்க்கும் துளையின் உட்புறத்துக்கும் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். இல்லையென்றால் மெலிந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். குழாயை ஒட்ட எபாக்ஸி பசைதான், அது இடைவெளியையும் நிரப்பும். குழாயைத் திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள்.

துளைக்கும்போது விரிசல் விடுகிறது. நாற்றமும் தாங்கவில்லை.

முடி கருகுவது போன்ற அந்த நாற்றம் எலும்போடு வருவதுதான். ஆனால் புகை வந்தால் சூடு ஏறிவிட்டது என்று பொருள், விரிசலுக்குக் காரணம் அந்தச் சூடு. கூரான பிட், குறைந்த வேகம், சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூள் தட்டுதல். வளைந்த துண்டென்றால் நேராக உள்ள பகுதியை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள். குழாயைவிட சில மி.மீ. நீளமாக இருக்கட்டும்.

உப்புத்தாள் போட்டதும் வெள்ளைக் கொம்பு சாம்பல் நிறமாகிவிட்டது.

இரு முனையிலும் இருக்கும் இரும்பு புஷ்களை (அளவு காட்டும் வளையங்கள்) பாருங்கள். உப்புத்தாள் அவற்றையும் தேய்க்கிறது, அந்தக் கறுப்புத் தூள் நுண்துளைகளில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. உளியால் அளவுக்குக் கொண்டு வந்ததும் புஷ்களைக் கழற்றிவிட்டு, லேத்தின் சென்டர்களுக்கு (இரு கூர்முனைகள்) நடுவே மாட்டித் தேயுங்கள். அதற்கு முன் ஒரு கை நீர்த்த சூப்பர் க்ளூ பூசித் துளைகளை அடைத்துவிடுங்கள். அடைக்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கறை இன்னும் ஆழமாக இறங்கும்.

முகமூடி அவசியமா?

அவசியம். எலும்புத் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு ஆகாது. குறைந்தது என்95, கூடவே தூசி உறிஞ்சி. நோய்ப்பட்ட மான் என்று சந்தேகம் இருந்தால் அந்தக் கொம்பே வேண்டாம். மான்களின் மூளையைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. நோயைப் பரப்பும் பிரியான் என்ற புரதங்கள், வளரும் எல்க் கொம்பை மூடியிருக்கும் வெல்வெட் தோலில் கண்டறியப்பட்டுள்ளன. தோல் ஒட்டிய கொம்பைத் தொடாதீர்கள்.

உதிர்ந்த கொம்பை நாமே பொறுக்கலாமா?

இடத்தைப் பொறுத்தது. யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களில் கூடாது. கொலராடோவில் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை தடை. பனிக்காலத்தில் இளைத்துப்போன மான்களை விரட்டி ஓடவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான தடை. வாங்குவதென்றால் வயோமிங்கின் ஜாக்ஸன் ஊரில் மே மாதம் நடக்கும் ஏலம் நல்ல வழி. எல்க் சரணாலயத்தில் சாரணர்கள் சேகரித்த கொம்புகள் அங்கே விலைக்கு வரும், பணத்தில் பெரும்பகுதி சரணாலயத்துக்கே திரும்பும்.

முதுமலைப் பக்கம் புள்ளிமான் கொம்பு ஒன்று கிடைத்தது. கடையலாமா?

கூடாது. தானாக உதிர்ந்ததுதான் என்றாலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். காட்டில் பார்த்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், முள்ளம்பன்றிகள் அதைக் கடித்துத் தின்னும். உங்களுக்கு எருமைக் கொம்பு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் அதில் அருமையாக வேலை செய்கிறார்கள். அது நகம் போன்ற பொருள், நன்றாகக் கடையலாம், பளபளப்பும் ஏறும். வெளிநாட்டில் இருப்பவர்களும் மான்கொம்புப் பேனாவை ஊருக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கொம்பின் பழுப்புத் தோற்றம் போகாமல் கடைய முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த பேனாக்கள் அவைதான். இரு முனையிலும் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் புஷ் அளவுக்கு இறக்குங்கள். நடுவில் உளியே படக் கூடாது. கடைந்த வெளுப்பான இடமும் வரிவரியான பழுப்பு மேடும் சேரும் கோட்டை அரத்தால் கையாலேயே சரிவாக்குங்கள், லேத் ஓட வேண்டாம். துண்டு உருண்டையாக இருக்காது என்பதால் ஒரு பக்கம் முனை பள்ளமாகும். அதனால் துளையின் மையத்தை வெட்டுமுகத்தின் நடுவில் வைக்காமல், எல்லாப் பக்கமும் சதை மிஞ்சும் இடமாகப் பார்த்துக் குறியுங்கள். பழுப்புப் பகுதிக்குச் சூப்பர் க்ளூ பூச்சு வேண்டாம், பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். மெழுகு தொட்டுத் துணியால் துடைத்தால் போதும்.