ரங்கூனில் மென்பொருள் தொழில் செய்பவர் ஃபேஸ்புக், டெலிகிராம் போன்ற செயலிகளை எப்படிப் பார்க்கிறார்?

கடைகளுக்கு ஆர்டர், கணக்கு, டெலிவரி பார்க்கிற சின்னச் செயலிகள் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் என் அபிப்பிராயம் எல்லாம் கடைக்காரர்களோடு பேசிப் பேசி வந்தது.

முதலில் ஒன்று. பர்மாவில் இணையம் வந்த விதமே வேறு. சிம் கார்டு விலை ஒரு காலத்தில் ஆயிரம் டாலரைத் தாண்டி நின்றது. 2014இல் கத்தாரின் ஊரிடூ, நார்வேயின் டெலினார் என்ற ஃபோன் நிறுவனங்கள் வந்த பிறகுதான் 1,500 கியாட்டுக்கு (பர்மியப் பணம்) சிம் கிடைத்தது. கம்ப்யூட்டரையே தொடாத லட்சக்கணக்கான பேர் நேராக ஸ்மார்ட்ஃபோனுக்கு வந்தார்கள். ஃபோன் விற்ற கடைப் பையனே ஃபேஸ்புக் கணக்கும் திறந்து கொடுத்துவிடுவான். கடவுச்சொல் மறந்தால் இன்னொரு கணக்கு, அவ்வளவுதான். கடைக்கு ஒரு வெப்சைட் போடலாமே என்று சொன்னால், "ஃபேஸ்புக் பேஜ் இருக்கே தம்பி, அது எதுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்விதான். வாங்குகிறவர் இருக்கும் இடத்தில்தானே கடை போட முடியும்?

எழுத்துருத் தொல்லையை வெளியூர்க்காரர்கள் அதிகம் அறிய மாட்டார்கள். பல வருடம் இங்கே எல்லோரும் பர்மிய மொழியை ஜாஜி என்ற எழுத்துருவில் தட்டினோம். அது யூனிகோடு என்ற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான உலக எழுத்துமுறைக்கு ஒத்து வராதது. யூனிகோடு ஃபோனில் திறந்தால் எழுத்துகள் கலைந்து கிடக்கும். 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுவது என்று அரசு அறிவித்தது. ஆனால் பழைய டேட்டா அப்படியே இருக்கிறதே! ஒரே வாடிக்கையாளரின் பெயர் இரண்டு விதமாக ஏறியிருக்கும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். எனக்கு இது வெறும் தலைவலி. நாட்டுக்கு அப்படி இல்லை. வெறுப்புப் பதிவுகளை ஃபேஸ்புக் பிடிக்கத் தடுமாறியதற்கு இந்த இரட்டை எழுத்துமுறையும் ஒரு காரணம், பர்மிய மொழி தெரிந்த ஆட்கள் போதாதது இன்னொன்று. 2017இல் இங்குள்ள சிறுபான்மையினரான ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு நடந்த கொடுமைக்கு அடுத்த வருடம், தாங்கள் போதுமானதைச் செய்யவில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மொழி தெரியாமல் ஒரு சந்தைக்குள் இவ்வளவு வேகமாக நுழைந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து.

2021 பிப்ரவரி 1 ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 4ஆம் தேதி ஃபேஸ்புக்கைத் தடுத்தார்கள், அடுத்து ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும். இணையமே இல்லாமல் புளூடூத்தில் ஓடும் பிரிட்ஜிஃபை என்ற செயலியை லட்சக்கணக்கானோர் இறக்கினார்கள். அப்புறம் அதை யாரும் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை. டெலிகிராமுக்கு நிறையப் பேர் போனார்கள். தடுத்த தளங்களைச் சுற்றுவழியில் திறக்க உதவும் விபிஎன் சேவையை அனுமதி இல்லாமல் நடத்தினால் தண்டனை என்று 2025இல் சட்டமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் கடைகள் ஃபேஸ்புக்கில்தான் இருக்கின்றன. எப்படி என்று கேட்காதீர்கள், இங்கே எழுத மாட்டேன்.

ஆகவே நான் கடைக்காரர்களிடம் விடாமல் சொல்வது ஒன்றுதான்: லைக்கை எண்ணாதீர்கள், வாங்கியவரின் ஃபோன் நம்பரை எழுதி வையுங்கள். பேஜ் முடங்கினாலும் அந்த நம்பருக்கு அழைக்கலாம். என் செயலிகளும் அந்த நம்பரைச் சுற்றித்தான் கட்டியவை. அளவு சிறியது, கரண்ட் போனாலும் நெட் போனாலும் ஆர்டர் ஃபோனிலேயே சேமிப்பாகும், திரும்ப வந்ததும் போய்ச் சேரும். பார்க்க அழகாக இருக்காது, சரி, பழைய ஃபோனில் ஓடுகிறதே.

செயலிகளில் எனக்கு மனதாரப் பிடித்தது குரல் பதிவு. வாட்ஸ்அப் போன்ற வைபர் செயலியில் எங்கள் கோயிலுக்கு இருக்கும் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இளசுகள் பர்மிய எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், பெரியவர்கள் பேசியே அனுப்புவார்கள். என் அத்தை ஒருவர் அன்னதானத்துக்கு அரிசி கேட்டுப் போடும் பதிவில், நடுவே இரண்டு கல்யாணச் செய்தியும் ஒரு மூட்டுவலியும் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் ஆர்டரைக் குரலில் எடுக்கும் வசதியை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். தமிழும் பர்மியமும் கலந்த பேச்சை ஒழுங்காக எழுத்தாக்கும் மென்பொருள் எதுவும் எனக்கு அகப்படவில்லை. அப்படி ஒன்று கிடைக்கும்வரை கடைக்காரரே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.