எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக எத்தனை ஜட்டி வேண்டும்?

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை இரண்டு வாரம் நடக்கப் போகிறேன், பெண்கள் எத்தனை உள்ளாடை எடுத்துப்போக வேண்டும், குளிக்க முடியாதாமே, சுத்தத்துக்கு என்ன செய்வது, நடுவில் பீரியட்ஸ் வந்துவிட்டால் என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதமே கிளம்புகிறீர்கள் என்பதால் முதல் முறை என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாமல் இங்கே கேட்கிறீர்கள் என்பதும் புரிகிறது.

மூன்று ஜட்டி, இரண்டு பிரா போதும். ஒன்று உடம்பில், ஒன்று காய்ந்துகொண்டு, ஒன்று பைக்குள் உலர்ந்தபடி. மனசு கேட்கவில்லை என்றால் நாலாவதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நடை தொடங்குகிற லுக்லாவுக்குப் போகும் விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். அதற்கப்புறம் பெரும்பாலும் இரண்டு பேர் மூட்டையை ஒரே போர்ட்டர்தான் சுமக்கிறார். நாளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு அடுக்குகிறவர்கள் அந்த முதுகையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

என்ன துணி என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். நான் திருப்பூர்க்காரி. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங்கில் இருந்தார். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தைக் குவித்துப் போட்டு விற்கிற கடைகளுக்கு நடுவே வளர்ந்தவள் என்பதால் ஜட்டியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் திட்டினாலும் சரி, முழுக் காட்டனை மட்டும் நம்பி மலைக்குப் போகாதீர்கள். காட்டன் சும்மா இருக்கும்போதே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டருக்கு அது 0.4தான். ஊர் வெயிலில் அந்தக் குணம்தான் சுகம். வழியில் வருகிற பெரிய ஊரான நாம்சே பஜாருக்கு மேலே அதே குணம் எமன், ஏற்றத்தில் வியர்த்து நனைந்த துணி நீங்கள் மூச்சு வாங்க நின்றதும் இடுப்பைச் சுற்றிச் சில்லிட்டுவிடும், அடுத்த ஊர் வரும்வரை காயாது.

"டாக்டர்கள் காட்டன்தானே போடச் சொல்கிறார்கள்" என்று ஒருவர் வருவார், தெரியும். அவர்கள் சொல்வதும் சரிதான், அரிப்பு, ஈஸ்ட் தொற்று அடிக்கடி வருகிறவர்களுக்குக் காற்றுப் போகாத நைலான் ஆகாது. அதனால் மேல் துணி சீக்கிரம் காய்கிற ரகமாக, அடியில் உள்பக்கம் வைத்துத் தைக்கிற அந்தச் சின்ன இரட்டைத் துணி மட்டும் காட்டனாக இருப்பதைத் தேடி வாங்குங்கள். உள்ளே திருப்பிப் பார்த்தால் தெரியும். மெரினோ கம்பளியில் கிடைத்தால் இன்னும் நல்லது, இரண்டு மூன்று நாள் போட்டாலும் நாற்றம் வராது, விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். தையலையும் தடவிப் பாருங்கள். தொடை ஓரத்தில் ஓவர்லாக் தையல் தடிப்பாக நின்றால் ஆறேழு மணி நேர நடையில் தோலை உரித்துவிடும், பேட்லாக் அடித்துத் தட்டையாக இருப்பதுதான் வசதி. உரசலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போகாதீர்கள், அந்தக் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். வாஸ்லின் வையுங்கள்.

நான் போனது என் நாத்தனாரோடு. ஆமாம், நாத்தனாரோடுதான், வீட்டுக்காரருக்கு முட்டி வலி. டீ ஹவுஸ் என்று சொல்கிற அந்த விடுதிகளில் ஒரே அறை, பிளைவுட் சுவர், இரண்டு கட்டில், பக்கத்து அறைக்காரர் தும்மினால் நாம் ஆயுசு நூறு சொல்லலாம். நாம்சேயில் துவைத்ததை அவள் எப்படிக் காயப்போட்டாள் என்றால், ஜன்னல் கம்பியில் முதலில் ஜட்டி, அதற்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் ஒரு டி-சர்ட். அறையில் இருந்தது நான் ஒருத்திதான். காலையில் எடுத்தால் துணி பாதி உலர்ந்திருந்தது, இடுப்பு எலாஸ்டிக் மட்டும் சொதசொதவென்று, இரண்டு விரலால் பிதுக்கினால் தண்ணீர் வந்தது. "பரவாயில்லை அண்ணி, நடந்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும்" என்று அதையே போட்டுக்கொண்டு கிளம்பினாள். தெங்போச்சே ஏற்றத்தில் பாதி வழியிலேயே அவள் நடை மாறிவிட்டது, சாயங்காலம் பார்த்தால் இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக் அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது.

எங்கள் கைடு ஒரு நேபாளப் பெண். மறுநாள் காலையில் என் நாத்தனாரின் பையைத் திருப்பி, ஈர ஜட்டியை இரண்டு ஊக்கால் பையின் முதுகில் குத்திவிட்டாள். அவள் பையில் அவளுடையது ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. "தீதி, மத்தியானத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும், வெயில் இருக்கும்போதே காயட்டும்" என்று அரைகுறை இந்தியில் சொன்னாள், அவ்வளவுதான் பாடம். அந்த உயரத்தில் காற்று வறண்டிருக்கும், வெயிலும் சுள்ளென்று அடிக்கும், டீ குடிக்க உட்காரும் முன்பே காய்ந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலே போய் வெயில் கிடைக்காத நாளில், ராத்திரி குடிக்கிற பாட்டிலில் சுடுநீர் வாங்கி, ஈர ஜட்டியை அதன் மேல் சுற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். காலும் சூடாக இருக்கும், துணியும் விடிவதற்குள் உலரும்.

ஒளித்துக் காயப்போட்ட நாத்தனாரை ஏன் குறை சொல்ல? எங்கள் வீட்டுக் கொடியிலும் அப்படித்தான். ஊர் உலகத்துக்கே ஜட்டி தைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புகிற ஊரில், தைக்கிற பெண் தன்னுடையதை மொட்டை மாடியில் வெயில் படும்படி போட முடியாது. பாவாடைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பாத்ரூம் குழாயின் மேல் என்று ஒளித்து ஒளித்துக் காயப்போட்டு, மழைக்காலத்தில் அரைகுறை ஈரத்தோடு போட்டு, அப்புறம் தொடை இடுக்கில் படர்தாமரை என்று யாருக்கும் சொல்லாமல் மெடிக்கலில் களிம்பு வாங்குவது. ஆண்கள் ஜட்டி மட்டும் நடுக் கொடியில் கொடியேற்றம் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். இது பெண்ணியப் பிரசங்கம் இல்லை, ஈரத் துணியில் பூஞ்சை வரும் என்கிற சாதாரணக் கணக்குதான்.

அப்புறம் தண்ணீர். குளிப்பதற்கு அல்ல, குடிப்பதற்கு. நாளைக்கு மூன்று லிட்டராவது குடிக்கச் சொல்வார்கள், கூடவே உயர நோய்க்கு முன்னெச்சரிக்கையாக டயமாக்ஸ் மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர், அது சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும். (அதை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம்.) அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறதே என்று நம் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் குழுவில் இருந்த பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான், காலையில் நிரப்பிய பாட்டில் சாயங்காலம் அப்படியே இருக்கும். விளைவு தலைவலி, அது தண்ணீர் போதாமல் வந்ததா, உயர நோயா என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு விளைவு நீர்க்கடுப்பு. கீழே இறங்க ரெண்டு மூன்று நாள் ஆகிற இடத்தில் நீர்க்கடுப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பழக்கம் மலையில் வந்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் பகல் பஸ்ஸில் போகிற பெண்களைக் கேளுங்கள், கிளம்பும் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பஸ்காரர் தனக்குச் சாப்பாடு இலவசமாகக் கிடைக்கிற மோட்டலில்தான் நிறுத்துவார், பின்னால் போனால் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், உள்ளே தாழ்ப்பாள் இருக்காது, பக்கெட் இருந்தால் மக் இருக்காது. அதே இடத்தில் ஆண்கள் பஸ்ஸின் நிழலிலேயே வேலையை முடித்துவிட்டு டீயும் குடித்துவிட்டு வந்து "இன்னும் லேடீஸ் வரலையா" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பயிற்சி இது. கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரிகிறது, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். தண்ணீரைக் குடியுங்கள், ஒதுங்க வெட்கப்படாதீர்கள், பாறைக்குப் பின்னால் போகும்போது பையைப் பாதையில் வைத்துவிட்டுப் போனால் பின்னால் வருகிறவர்கள் தானே நின்றுகொள்வார்கள். நின்றபடியே போக உதவும் சிலிக்கான் புனல் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, வீட்டில் பாத்ரூமில் சில தடவை பழகிவிட்டு எடுத்துப் போங்கள். பேஸ் கேம்ப்புக்கு முன்னால் கடைசியாகத் தங்குகிற கோரக்ஷேப் 5,164 மீட்டர், அக்டோபர் கடைசியில் ராத்திரி மைனஸ் பத்துக்கும் கீழே போகும், வராந்தாக் கோடியில் இருக்கிற கழிவறைத் தரையில் சிந்திய தண்ணீர் கண்ணாடியாக உறைந்திருக்கும். அந்த நேரத்தில் அகல வாய் பாட்டிலும் புனலும் இருந்தால் அறையை விட்டே போக வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நமக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் திருப்தி, டிஷ்யூ ஒத்துவராது. மேலே குழாய் எல்லாம் உறைந்துவிடும், அதனால் பிதுக்கினால் பீய்ச்சுகிற சின்ன பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டு, சமையலறையில் வாங்கும் சுடுநீரில் கொஞ்சம் கலந்து வெதுவெதுப்பாக்கிக் கழுவுங்கள், முன்னாலிருந்து பின்னால். கழுவியதும் சின்னத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள், ஈரத்தோடு தெர்மலை, அதாவது குளிருக்கு உள்ளே போடுகிற உடையை, ஏற்றக் கூடாது. வாசனை போட்ட வாஷ் எதுவும் வேண்டாம். நாம்சேயில் காசு கொடுத்தால் கேஸ் ஹீட்டரில் குளிக்கலாம், அதற்கு மேலே தலைக்குக் குளிக்க ஆசைப்படாதீர்கள். வெட் வைப்ஸ் சின்ன பாக்கெட் போதும், பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, மக்காது, எங்கேயும் வீசாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ராத்திரி அதுவும் உறையும், படுக்கும்போது பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிராவில் ஒன்றுதான் பார்க்க வேண்டும். தோள்பட்டையில் அந்தப் பிளாஸ்டிக் வளையம் வைத்ததும், கம்பி வைத்ததும் வேண்டாம், பையின் பட்டை சரியாக அதன் மேல் உட்கார்ந்து அழுத்தும்.

பீரியட்ஸ் கண்டிப்பாக வரும் என்று நினைத்தே கிளம்புங்கள், தேதி தள்ளி இருந்தாலும். எனக்கு வழியில் டிங்போச்சே என்கிற ஊரில் நாளுக்கு முன்பே வந்தது. கல்யாணம், கோயில் திருவிழா என்றால் மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவது நம்மூரில் சர்வ சாதாரணம், அதையே மலைக்கும் போட்டுக்கொள் என்று அத்தை பெரியம்மா எல்லாம் சொல்வார்கள். நோரெதிஸ்டிரோன் மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது, உயரத்தில் ரத்தமும் கெட்டிப்படும். மெடிக்கலில் கேட்டு வாங்காமல், எவ்வளவு உயரம் போகிறீர்கள் என்பதைச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் பயன்படுத்தியது மென்ஸ்ட்ருவல் கப், உள்ளே வைத்துக்கொள்கிற சின்ன சிலிக்கான் கிண்ணம். பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும், குப்பை இல்லை. ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும், சானிடைசர் தடவிய கையோடு தொட்டால் எரிச்சலில் நட்சத்திரம் தெரியும், அதற்கு மேல் நல்ல தண்ணீரில் ஒரு தடவை கையைக் கழுவ வேண்டும். கொதிக்க வைப்பதை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், கோரக்ஷேப் உயரத்தில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், விடுதி அடுப்பில் போய்க் கேட்பதும் நன்றாக இருக்காது. நடுவில் குடிக்கிற தண்ணீரில் அலசினால் போதும். இதுவரை கப் போட்டுப் பழக்கம் இல்லை என்றால் முதல் பாடத்தை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மாதத்தில் கை பழகாது. நாப்கினே எடுத்துப் போங்கள். நாம்சே கடைகளில் கிடைக்கும், விலை கூடுதல், மேலே போகப் போக நம்ப முடியாது. பயன்படுத்தியதை உணவறை நடுவில் இருக்கும் அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஷெர்ப்பா வீடுகளில் அடுப்பில் குப்பை எரித்தால் தெய்வக் குற்றம் என்பார்கள். கழிவறைக் குழியிலும் வேண்டாம். உள்ளே தெரியாத ஜிப் கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று, அடியில் ஒரு பிடி டீத்தூள், நாற்றம் வராது. வெளிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் மொத்தப் பையையும் கவிழ்க்க வேண்டியதில்லை.