சப்ளையர், கார்பன், கொஞ்சம் கோவம்: கேள்வி-பதில்

எங்க பனியன் கம்பெனிக்கு 150 சப்ளையர் இருக்காங்க, அவங்க வேலைல எவ்ளோ கார்பன் வெளியாகுதுன்னு கேக்கற ஃபார்மை எல்லாருக்கும் அனுப்பணுமா?
வேண்டாங்க. காசு எங்க போகுதுன்னு பாருங்க, பனியன் கம்பெனிக்கு நூலும் டையிங்கும்தான் பெருசு. பட்டன்காரர், அட்டைப்பெட்டிக்காரர் எல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

2026ல வந்த ஐரோப்பா கார்பன் வரி பனியனுக்கும் உண்டா?
இல்ல. இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், கரண்ட், அவ்ளோதான்.

ஸ்பின்னிங் மில்காரர் காத்தாலை வெச்சிருக்கார், கரண்டுக்கு ஜீரோ போடலாமா?
அந்தக் கரண்ட்டுல அவர் மில்லு ஓடுதா, மின்வாரியத்துக்கு வித்துட்டாரா? அத எழுதாம கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்கறது. கரண்டையோ அதுக்கான சர்டிபிகேட்டையோ வித்துட்டார்னா அது வாங்கினவன் கணக்கு, நீங்க யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு போட்டுக்கங்க. ஒரே யூனிட்டை ரெண்டு பேர் காட்டாதீங்க, போன தடவையும் இதத்தான் சொன்னேன்.

டையிங்காரர் டேட்டா தரமாட்டேங்கறார், ஆர்டரை நிறுத்திடுவோம்னு மிரட்டலாமா?
நீங்க அனுப்பின ஷீட்டை பாத்தேன், 60 கட்டம், எல்லாம் இங்கிலீஷ், ரெண்டு நாள் டைம். அங்க இருக்கறது ஒரே ஒரு கணக்குப்பிள்ளை. 2011ல கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுல இருந்து ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத்தண்ணியை வெளிய விடாத ஏற்பாடு, இல்லாம ஓட்ட முடியாது, அந்தத் தண்ணியைக் காய்ச்சி வத்த வெக்கற எவாப்பரேட்டர் வேற ஆவியைக் குடிச்சுத் தள்ளுது. மிரட்டினா நம்பர் வரும், உண்மை வராது. எனக்கு வந்த ஒரு ஷீட்ல 12 மாசமும் ஒரே இபி யூனிட், தீபாவளிக்கு மிஷின் நின்ன மாசம் உட்பட! இபி பில், விறகு வெயிட் ஸ்லிப், டீசல் பில், சாயம் போட்ட கிலோ, இந்த நாலையும் ஆளை அனுப்பி உக்காந்து எடுங்க. அப்படியே பாய்லர் ரூம்ல ஸ்டீம் ட்ராப் (ஆவியைப் பிடிச்சு வெச்சு தண்ணியை மட்டும் விடற வால்வு) எங்க ஒழுகுது, ஆவி ஆறி வர்ற சுடுதண்ணி திரும்ப பாய்லருக்கு வருதான்னு பாருங்க, சரி பண்ற செலவுல பாதிய போடுங்க, இல்ல ஒரு வருஷ ஆர்டராவது எழுதிக் குடுங்க. லேப் டிப், அதாவது சாய சாம்பிள், ஓகே பண்ண மூணு வாரம் இழுத்துட்டு கடைசில ஷேட் பத்தலைன்னு ரீடையிங் போட வெக்கறது யாருங்க? அந்த லாட்டுக்கு தண்ணி, ஆவி எல்லாம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அப்புறம் டேட் போச்சுன்னு ஃப்ளைட்ல ஏத்தறது, கப்பலை விட சுமார் 50 மடங்கு கார்பன். அத டையிங்காரர் தலைல கட்டாதீங்க.

பாய்லர்ல விறகுதான், அப்ப ஜீரோதானே?
கார்பன் டை ஆக்சைடை தனியா எழுதிக் காட்டணும், மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கணக்குக்குள்ளயே வரும். ஜீரோ இல்ல.

ரீசைக்கிள் பாலியஸ்டர் நூலுக்கு மில்காரர் சொன்னா போதுமா?
வாய் வார்த்தை செல்லாதுங்க. ஒவ்வொரு சரக்குக்கும், அந்த லோடுக்குன்னே குடுக்கற டிரான்சாக்ஷன் சர்டிபிகேட் வாங்குங்க, மில்லு சுவத்துல மாட்டியிருக்கற பொது சர்டிபிகேட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, இந்த மாசம் மட்டும் மூணு பேர் அனுப்பிட்டாங்க.