அரசு வனவிலங்குப் பாதுகாப்புத் துறையில் மக்கள் தொடர்புத் தலைவருக்கு என்ன வேலை?

துறை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, விலங்குகளின் அருகில் மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை உரிய நேரத்தில் எளிமையாகச் சொல்லும் பொறுப்பு இவருடையது. விலங்குகளுக்கு நம் விதிகள் தெரியாது. ஆகவே பாதுகாப்புப் பணியில் பெரும்பகுதி மனிதர்களின் நடத்தையைத் திருத்துவதுதான்.

2023 மே மாதம், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், தாயைப் பிரிந்து ஆற்றோரம் தவித்த காட்டெருமைக் கன்றை ஒருவர் உதவும் எண்ணத்தில் கரையேற்றிவிட, அதன் கூட்டம் கன்றை மீண்டும் ஏற்கவில்லை. சாலையில் வாகனங்களையும் மனிதர்களையுமே நெருங்கிக்கொண்டிருந்த அதை ஊழியர்கள் கருணைக்கொலை செய்தனர். காப்பகத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று மக்கள் கொதித்தபோது, காட்டெருமைகளைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுசெல்ல விதிகள் தடையாக இருப்பதை நிர்வாகம் விளக்க வேண்டியிருந்தது. இத்தகைய விளக்கம் முன்கூட்டியே மக்களைச் சென்றடைந்திருந்தால் நல்லது என்பது என் கருத்து.

அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்து உறவினர்களிடம் பேசும் மருத்துவரைப் போல, இவரும் கசப்பான உண்மையை மறைக்காமலும் பீதியைக் கிளப்பாமலும் பேச வேண்டும்.

இதைத் துறையின் புகழ் பாடும் விளம்பர வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வேட்டைக்காரர்களுக்கு உதவிவிடும் என்பதால் அரிய உயிரினங்களின் இருப்பிடத்தை வெளியிடாமல் காப்பதும் இதே பணியில் அடங்கும்.