ஜான் குவின்சி ஆடம்ஸ்: ஐந்து நிமிடத்தில் எதைப் பேசலாம்?

கேள்வி: பேச்சுப் போட்டியில் எனக்கு ‘வாரிசு அரசியல்’ தலைப்பு. அமெரிக்காவின் ஜான் குவின்சி ஆடம்ஸை உதாரணம் காட்ட நினைக்கிறேன். அப்பா செல்வாக்கில் வந்தவர் என்று சொல்லலாமா? ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: சொல்லலாம், ஆனால் அது பாதி உண்மைதான். அப்பா ஜான் ஆடம்ஸ் 2வது ஜனாதிபதி, மகன் 6வது. அப்பா தூதராகப் பிரான்சுக்குப் போனபோது 10 வயது மகனையும் கூட்டிப்போனார். அங்கே பழகிய பிரெஞ்சால் 14 வயதிலேயே, ரஷ்யாவுக்குப் போன தூதர் ஃபிரான்சிஸ் டேனாவுக்கு உதவியாளராகும் வாய்ப்பு வந்தது. சாதாரண வீட்டுப் பையனுக்கு இது நடக்குமா?

அப்புறம், 1794இல் நெதர்லாந்துத் தூதர் பதவியைக் கொடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1797இல் அப்பா ஜனாதிபதியாகப் பதவியேற்கப்போகும் நேரத்தில், அந்த அப்பாவுக்கே, மகன் என்பதற்காக அவருக்கு உரிய உயர்வை நிறுத்திவைக்காதீர்கள் என்று கடிதம் எழுதியவரும் அவரே. இந்தக் கடிதத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். வாரிசு என்பது இடைஞ்சலாகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிரிட்டனுடனான போரை முடித்த 1814 கென்ட் உடன்படிக்கை, 1819இல் ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்ற ஒப்பந்தம், அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய நாடுகள் தலையிடக் கூடாது என்ற 1823 மன்றோ கொள்கை ஆகிய மூன்றிலும் ஆடம்ஸின் கை உண்டு. ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்.

1824 தேர்தலை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகளில் போட்டியாளர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. தேவைப்பட்ட 131 யாருக்கும் வரவில்லை. முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு; 13 மாநிலங்கள் ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தன. அவரை ஆதரித்த சபாநாயகர் ஹென்றி கிளே பிறகு வெளியுறவு அமைச்சரானார். ஆதரவுக்குப் பதவி என்ற பேரம் இது என்று ஜாக்சன் தரப்பு கொதித்தது. ‘மோசடித் தேர்தல்’ என்று மட்டும் பேசிவிடாதீர்கள். அரசியல் சாசனப்படிதான் நடந்தது. (1818இல் தளபதியாக இருந்த ஜாக்சன், ஸ்பெயின் வசமிருந்த புளோரிடாவுக்குள் படை நடத்தி, அனுமதியில்லாமல் ஸ்பெயினின் கோட்டைகளைப் பிடித்தபோது, அமைச்சரவையில் அவருக்காக வாதாடியவர் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஆடம்ஸ்தான். அரசியலில் நன்றிக்கு ஆயுள் குறைவு!) 1828 தேர்தலில் ஆடம்ஸ் ஜாக்சனிடம் தோற்றார்.

நேரத்தில் பாதியை இதற்குப் பிந்தைய காலத்துக்கு ஒதுக்குங்கள். முன்னாள் ஜனாதிபதி 1831இல் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்குள் வந்தார். அவருக்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் செய்ததில்லை. அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று 1836இல் சபை விதி போட்டது. எட்டு ஆண்டு ஓயாமல் போராடி 1844இல் அதை நீக்க வைத்தார். 1848இல் சபையிலேயே சுருண்டு விழுந்து, இரண்டு நாள் கழித்து அதே கட்டடத்தில் இறந்தார். இந்தப் பதினேழு ஆண்டுகளை அப்பா யாரும் வாங்கித் தரவில்லை.

அடிமைகளாகக் கடத்தப்பட்டு ‘அமிஸ்டாட்’ கப்பலில் கிளர்ந்தெழுந்த ஆப்பிரிக்கர்களை விடுவித்த 1841 வழக்கையும் சேர்க்கலாம்; உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்காக ஆடம்ஸ் வாதாடினார். ஆனால் முழுப் பெருமையையும் இவருக்கே கொடுத்துவிடாதீர்கள். கீழ் நீதிமன்றத்திலிருந்தே அந்த வழக்கைச் சுமந்தவர் வழக்கறிஞர் ரோஜர் பால்ட்வின்.